எந்தத் தோட்டா?

நம்முடைய வேட்டைக் கதைகளில் குண்டு ஒருபோதும் குறி தவறுவதில்லை. புதருக்குப் பின்னால் இரண்டு நெருப்புத் துண்டங்கள் மின்னும். கதாநாயகன் மூச்சை அடக்குவான். 'டுமீல்' என்று ஒரு சத்தம். அடுத்த வரியில் புலி மல்லாந்து கிடக்கும். அதற்கடுத்த வரியில் ஜமீன்தாரின் மகள் அவனைப் புதுக் கண்ணோடு பார்ப்பாள். கதாநாயகனின் மீசைக்கு அரைப் பக்கம் செலவழிக்கிற ஆசிரியர், அவன் துப்பாக்கிக்குள் எந்தத் தோட்டா இருந்தது என்று மட்டும் சொல்லமாட்டார். அது அற்ப விஷயம் என்பது அவர் எண்ணம். அதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கதையில் வேறொன்றும் இல்லை என்பது என் கட்சி.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தோட்டாவைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். வேட்டை என்றால் வீரம், துப்பாக்கி என்றால் அந்தஸ்து, குண்டு பட்டால் உடனே சாவு என்ற மூன்று பொய்களையும் மத்தியதரக் குடும்பங்களின் கூடத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது துப்பாக்கிக் கடை அல்ல, கதைப் புத்தகந்தான். ஆகவே வழக்கு எங்கள் தெருவில்தான் நடக்கவேண்டும்.

இந்தப் பொய்க்கு வயதும் அதிகம். அகப்பொருள் நூல்களில் கெடுதி வினாதல் என்று ஒரு துறை உண்டு. தலைவன் தினைப்புனத்துக்கு வருகிறான். 'என் அம்பு தைத்த மான் இந்தப் பக்கம் ஓடி வந்ததா?' என்று தலைவியையும் தோழியையும் பார்த்துக் கேட்கிறான். திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று இதற்குத் தனித் தனிப் பாட்டே இருக்கிறது. உண்மையில் அவன் தேடி வந்தது மானை அல்ல, பெண்ணை என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நயமான துறைதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்விக்குள்ளே ஒரு மான் இருக்கிறதல்லவா? பேச்சுக்காகவேனும் அம்பைச் சுமந்துகொண்டு ஓடிய மான்! அது எங்கே போய் விழுந்தது, எத்தனை நாள் கிடந்து செத்தது என்று இத்தனை நூற்றாண்டில் எந்தத் தலைவனும் திரும்பிப் போய்ப் பார்த்ததாகப் பாட்டில்லை. காதல் கைகூடியதும் மான் மறந்துபோயிற்று.

காட்டில் அது அப்படி மறந்துபோவதில்லை. வடக்கே குமாவுன் மலைப்பகுதியில் 1907-ஆம் ஆண்டு ஜிம் கார்பெட் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலியின் கணக்கில் 436 மனித உயிர்கள் எழுதப்பட்டிருந்தன. செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல் பல் பாதியாகவும், கீழ்ப் பல் எலும்பு மட்டத்துக்கும் முறிந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையை அடித்துத் தின்ன முடியாமற்போன பிராணி மனிதரைத் தின்னக் கற்றுக்கொண்டது என்பதுதான் அவருடைய தீர்ப்பு. அரக்கோணத்தில் ரயிலேறினால் ரேணிகுண்டாவுக்கு அப்பால் வருகிற மாமண்டூர்க் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்ஸனும் காயம்பட்டுத் தப்பிய மிருகங்களைப் பற்றி இதே விதமாகத்தான் எழுதினார். 436 பேரின் சாவுக்கு முதல் வரி எழுதியவன் பெயர் தெரியாத எவனோ ஒருவன். அவன் கையில் என்ன தோட்டா இருந்ததோ, எத்தனை கஜ தூரத்திலிருந்து சுட்டானோ! புலி ஓடிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் ஊரில் ஓர் அன்பர் புதிதாக ரைபிள் வாங்கியிருக்கிறார். சோளிங்கர் சாலையில் அவருக்குத் தோப்பும் நிலமும் உண்டு. தற்காப்புக்கென்று முறைப்படி மனுப் போட்டு, லைசென்ஸ் பெற்று, .315 ரைபிள் ஒன்று வாங்கி, வீட்டுக் கூடத்தில் தாத்தா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன்.

"தோட்டா எதுன்னுதான் முடிவு பண்ணல சார். வேர்க்கடலைய பன்னி தோண்டிப் போட்டுட்டுப் போவுது. ஒரே அடியில சாயணும். எது பெருசோ அதையே வாங்கிடலாம்னு பாக்கறேன்" என்றார்.

அவருக்கு ஆலோசகர்கள் மூன்று பேர். கடைக்காரர், கையிருப்பில் உள்ளதே உத்தமம் என்கிறார். சம்பந்தி, பட்டாளத்தில் எதை உபயோகிக்கிறார்களோ அதுதான் அசல் சரக்கு என்கிறார். பட்டணத்திலிருக்கிற மருமகன், வெளிநாட்டுப் பெயர் அச்சிட்ட பெட்டியாயிருந்தால் போதும் என்கிறார். மூவரில் ஒருவர்கூடப் பன்றியைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். சாகப் போகிறது பன்றி. ஆலோசனையெல்லாம் பெட்டியைப் பற்றி!

நான் எல்லை தாண்டி ஆந்திரத்தில் இன்டர்மீடியட் படித்ததோடு படிப்பை முடித்துக்கொண்டவன். ஆனாலும் அந்த இரண்டு வருஷத்தில் கற்ற பௌதிகம் இந்த ஒரு காரியத்துக்குப் போதும். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியில் தீப்பற்றும் கேப்பு, நடுவே மருந்து, முனையில் குண்டு என்று நான்கு பாகம் கொண்டது. குண்டின் பலம் அதன் எடையைப் பொறுத்தது. வேகத்தை அதைவிட அதிகமாகப் பொறுத்தது. எடை இரு மடங்கானால் பலமும் இரு மடங்கு. வேகம் இரு மடங்கானால் பலம் நான்கு மடங்கு. இவ்வளவும் கடைக்காரருக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விடுவது அடுத்த வரியைத்தான்: குண்டு எவ்வளவு பலத்தோடு புறப்பட்டது என்பதல்ல, அந்தப் பலத்தில் எவ்வளவை மிருகத்தின் உடம்புக்குள்ளே இறக்கி வைத்தது என்பதுதான் சாவைத் தீர்மானிக்கிறது.

சம்பந்தி புகழ்கிற பட்டாளத்துக் குண்டு, ஈயத்தை முழுவதும் கெட்டியான உலோக உறையால் மூடியது. ஊசி நுழைவதுபோல் நுழைந்து மறுபுறம் போய்விடும். உடம்பில் சின்னத் துளைதான் மிஞ்சும். பன்றி விழாது, ஓடும். கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்து, குடல் அழுகி, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சாகும். வேட்டைக்கென்று செய்த ஸாஃப்ட்-நோஸ் குண்டில் முனையிலே உறை இல்லை. ஈயம் வெளியே தெரியும். சதையில் பட்டதும் காளான்போல் விரிந்து, தன் பலம் முழுவதையும் உள்ளேயே செலவழித்துவிடும். சரியான இடத்தில், அதாவது முன்காலுக்குப் பின்னே நெஞ்சுக் கூட்டில் பட்டால், பிராணி சில விநாடிகளில் விழுந்துவிடும்.

இதில் ஒரு விசித்திரமான சரித்திரம் இருக்கிறது. இப்படி விரிகிற குண்டைப் பட்டாளத்துக்காகச் செய்து உலகத்தின் ஏச்சை வாங்கிக்கொண்ட இடம் நம் தேசத்துக் கல்கத்தாவை அடுத்த டம்டம். இன்று விமான நிலையத்தால் பெயர் பெற்றிருக்கிற அதே ஊர். 1890-களில் வடமேற்கு எல்லைப் போர்களில், சாதாரணக் குண்டு பட்ட மலைஜாதி வீரர்கள் விழாமல் ஓடிவருகிறார்களே என்று வெள்ளைக்கார சர்க்கார் இந்தக் குண்டைச் செய்வித்தது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய வல்லரசுகள், மனித உடம்பில் விரிகிற குண்டை யுத்தத்தில் உபயோகிக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தன. பிரிட்டன் 1907-இல்தான் அதற்கு ஒத்துவந்தது. மனிதனுக்குக் கொடூரம் என்று விலக்கிய குண்டையே வேட்டைக்கு உகந்தது என்று கடையில் விற்கிறார்கள்.

இது முரண்பாடு என்று சிலர் பரிகாசம் செய்வார்கள். இதில் முரண்பாடு இல்லை. யுத்தத்தில் எதிரியைக் கொல்வது நோக்கமல்ல, அவனை விழச் செய்தால் போதும். விழுந்தவனைத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் உண்டு, கட்டுப் போட ஆஸ்பத்திரி உண்டு. பன்றிக்கு ஆஸ்பத்திரி இல்லை. அதைச் சுடுகிறவன் கொல்வதற்கென்றே சுடுகிறான். கொல்வதற்கென்று சுட்டுவிட்டுக் கொல்லாமல் விடுவதுதான் பாவத்திலெல்லாம் பெரிய பாவம். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறவன் சாவின் விதத்தைத் தேர்ந்தெடுக்கிறான். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு உரை.

வல்வில் ஓரியை எல்லோருக்கும் தெரியும். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தங்கியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்த அம்பை அரக்கோணம் தாலுகாவில் விட்டுப் பாருங்கள்! கொல்லிமலையில் அம்புக்கு முன்னால் காடு இருந்தது. இங்கே இருப்பது சமவெளி. ஏரி, ஏரிக்கு அப்பால் ஊர், ஊருக்கு அப்பால் ரயில்பாதை, அதற்கும் அப்பால் இன்னொரு ஊர். ரைபிள் குண்டு தடுப்பாரில்லாமல் போனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடப் போகும். பன்றியைத் துளைத்துக்கொண்டு போன குண்டு அடுத்த கொல்லையில் கிணற்றடியில் நிற்கிறவரைத் துளைக்காது என்று யார் ஜாமீன் நிற்பது? பரண்மேல் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் பூமி குண்டை வாங்கிக்கொள்ளும். எதிரே உயரமான ஏரிக்கரை இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். இரண்டும் இல்லாத இடத்தில் ரைபிளைத் தோளில் வைப்பது பயிர்க் காவல் அல்ல, கொலைக்குத் தயார் செய்வது. அதிலும் இருட்டில் சலசலப்பைக் கேட்டுச் சுடுகிறவர்கள் ஒருமுறை தசரதனை நினைத்துக்கொள்ளட்டும். யானை தண்ணீர் குடிக்கிறது என்று அவன் சத்தத்தைக் குறிவைத்தான். குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவன் ஒரு முனிகுமாரன்.

சரி, ரைபிள் வேண்டாம், பன்னிரண்டு போர் துப்பாக்கியும் ரவைத் தோட்டாவும் போதுமே என்பார்கள் சிலர். போதும், எதற்கு என்பதைப் பொறுத்து. எல்.ஜி. தோட்டாவில் பெரிய ரவைகள் சிலவே இருக்கும். முப்பது கஜத்துக்குள் அது பன்றியைச் சாய்க்கலாம். ஐம்பது அறுபது கஜத்தில் ரவைகள் விரிந்து பரவி, ஒன்று தொடையிலும் ஒன்று வயிற்றிலும் தைக்கும். காடைக்கும் கௌதாரிக்கும் செய்த பொடி ரவையால் பன்றியைச் சுடுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். ஆண் பன்றியின் தோள்மீது கேடயம்போல் கெட்டியான தோல் உண்டு. பொடி ரவை அதில் தைத்துச் சீழ் வைக்கும், கொல்லாது. .22 ரைபிளின் குண்டு இரண்டரை கிராம் சொச்சம். அது காகித இலக்குக்குப் பிறந்தது. அதால் பன்றியைச் சுடுவது, கொல்லுகிற தைரியமும் இல்லாமல் சும்மா இருக்கிற பொறுமையும் இல்லாமல் செய்கிற அற்பச் செயல்.

இன்னும் ஒன்று. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்கவேண்டும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. ஒன்று நாலு விரற்கடை இடப்புறம் தள்ளும். மற்றொன்று மேலே தூக்கும். புது ரைபிள் வாங்கியவன் முதலில் வாங்கவேண்டியது காகித இலக்கு. அங்கீகாரமுள்ள சுடுமிடத்துக்குப் போய், ஒரே வகைத் தோட்டா ஐந்தைச் சுட்டு, ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். அடங்காவிட்டால் வேறு வகையைப் பார்க்கவேண்டும். நம்மவர்கள் செய்கிறார்களா? லைசென்ஸில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா கிடைக்காது. ஆகவே காகிதத்தில் 'வீணாக்க' மனம் வருவதில்லை. பீரோவுக்குள் பூட்டி வைப்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழை எத்தனையோ அதன்மேல் ஈரம் பூசும். பிறகு ஒரு நாள் எடுத்து ஓர் உயிர்மீது சோதனை செய்வார்கள். காகிதத்தில் வீணாக்க மாட்டார்களாம், உயிரில் வீணாக்குவார்களாம்!

இனி அன்பருக்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். "உங்கள் ரைபிளுக்கு எந்த வேட்டைத் தோட்டாவும் வேண்டாம். உங்களுக்கு வேட்டை கிடையாது" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? 1972-ஆம் ஆண்டு வனஜீவராசிப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் லைசென்ஸ் வேட்டை என்று மிச்சமிருந்த கதவையும் சாத்திவிட்டது. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தான பிராணியைக் கொல்ல வேண்டுமானால் அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி அதிகாரி எழுத்தில் உத்தரவு தரவேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் பாருங்கள்: பயிர்க் காவலுக்கென்று அது மனத்தில் வைத்திருப்பது வாய்வழியே மருந்து இடிக்கிற பழைய துப்பாக்கி; அது போதாதென்று அதிகாரி கருதினால் வேறொரு வழவழப்புக் குழல் துப்பாக்கி. ரைபிளுக்கு அந்த இடத்தில் பேச்சே இல்லை. வங்காளத்து ஈஷாப்பூரில் செய்த .315-க்கு 'ஸ்போர்ட்டிங் ரைபிள்' என்று பெயர். விளையாட்டு முடிந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சட்டம் எல்லோர்மீதும் ஒரே கனத்தோடு விழுந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன். அரக்கோணம் ஜங்ஷனில் ஊசிமணி பாசிமணி விற்கிற நரிக்குறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மருந்தை அளந்து, துணியை அடைத்து, ரவையை எண்ணிப் போட்டு, இத்தனை தூரத்துக்கு இத்தனை மருந்து, இந்தப் பறவைக்கு இந்த ரவை என்று தோட்டாவைத் தங்கள் கையாலேயே தீர்மானித்த ஜனங்கள் அவர்கள். ஒரு குறி தவறினால் அன்றைக்கு அடுப்பெரியாது. ஆகவே தெரிந்து சுட்டார்கள். வேட்டையை மூடியது சரியே. காடு பிழைக்க வேறு வழி இல்லை. ஆனால் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு 2022 டிசம்பர் வரை அவகாசம் தேவைப்பட்டது. தெரிந்தவன் கையிலிருந்த துப்பாக்கி போய்விட்டது. தெரியாதவன் சுவரில் துப்பாக்கி ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஜீவகாருண்யம் பேசுகிற நண்பர்கள் இதற்குள் கோபித்துக்கொண்டிருப்பார்கள். 'கொல்லவே கூடாது என்கிறோம். நீர் எந்தக் குண்டால் கொல்வது என்று கசாப்புக் கடைக் கணக்குப் பேசுகிறீரே!' என்பார்கள். அவர்கள் மனத்தின் மென்மைக்கு நான் மரியாதை செலுத்துகிறேன். கொல்லாமல் காக்க முடிந்தால் அதுதான் முதல் தரம். திருத்தணியில் மணக்கோலத்தில் நிற்கிற வள்ளியே பரண்மேல் ஏறிக் கவணும் கல்லும் கூக்குரலுமாகத் தினைப்புனம் காத்தவள்தான். ஆனால் இன்றைக்குக் கொல்லையில் என்ன நடக்கிறது என்று அவர்கள் வந்து பார்க்கவேண்டும். துப்பாக்கிச் சத்தம் கேட்காத இடமெல்லாம் அஹிம்சை நடக்கிற இடம் அல்ல. அவுட்டுக்காய் என்று ஒன்று இருக்கிறது. தின்பண்டத்துக்குள் வெடியை வைத்துப் பன்றி வரும் வழியில் போடுவார்கள். கடித்ததும் தாடை சிதறிவிடும். பிராணி உடனே சாகாது; தின்னவும் முடியாது, குடிக்கவும் முடியாது. 2020 மே மாதம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று இப்படி வெடிவைத்த காயைக் கடித்து, வாய் சிதைந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைத்தது யானைக்குப் போயிற்று. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியை அடுத்து, பயிரைக் காக்கத் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. எந்தத் தோட்டா என்று பேசக் கூசுகிற சமூகம், எந்த வெடி, எந்தக் கம்பி என்று பேசாமலேயே தீர்மானித்துவிட்டது.

இன்னொரு தரப்பு இருக்கிறது. 'பன்றிதானே ஐயா, எதனால் செத்தால் என்ன?' என்று கேட்கிற தரப்பு. கடன் வாங்கிக் கடலை போட்டவன் அப்படிக் கேட்டால் நான் கோபிக்கமாட்டேன். விடிந்ததும் தோண்டிக் கிடக்கிற நிலத்தைப் பார்க்கிற வயிற்றெரிச்சல் அவனுக்கு. ஆனால் கூடத்தில் ரைபிள் மாட்டியவர் அப்படிக் கேட்டால் பதில் சொல்வேன். நிலத்தைத் தோண்டியதற்குப் பன்றிக்கு மரண தண்டனை என்றால் சரி. சித்திரவதை எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

இது வெறும் தர்க்கமாக இருந்த காலம் போய்விட்டது. 2022-இல் கேரள சர்க்கார், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் கையிலேயே கொடுத்தது. சுடுகிறவர்கள் லைசென்ஸ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள். 2025 ஜனவரியில் நம் சர்க்கார் ஒரு கணக்கு வகுத்தது: காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது; ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும்; மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடலாமா கூடாதா என்று அன்றைக்குப் பெரிய விவாதம் நடந்தது. கிலோமீட்டரைப் பற்றிப் பேசாதவர் இல்லை. தோட்டாவைப் பற்றிப் பேசியவரை நான் பார்க்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவே. உத்தரவு கொடுக்கிற கை, உத்தரவோடு இவற்றையும் எழுதட்டும். இன்ன வகைத் தோட்டாவைத் தவிர வேறொன்று கூடாது. இத்தனை கஜத்துக்கு மேல் சுடக் கூடாது. பரணோ மண்கரையோ இல்லாமல் சுடக் கூடாது. அந்தத் துப்பாக்கியாலேயே, அந்தத் தோட்டாவாலேயே வருஷத்துக்கு ஒருமுறை காகித இலக்கில் தேறாதவன் சுடக் கூடாது. காயம்பட்டு ஓடியதைத் தேடிக் கண்டுபிடித்து முடிக்காதவனுக்கு மறுபடி உத்தரவு கிடையாது. எங்கள் பக்கத்துக்கு இந்தக் கடைசி விதி இரட்டிப்பாகத் தேவை. திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு எங்கே போகிறது என்று பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்துவிட்டார்கள். பன்றி அந்தத் தீர்ப்பைப் படித்ததில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் குண்டு வாங்கியது ஆந்திரத்துப் புதரில் போய்ச் சாகும். அப்போது இரண்டு சர்க்காரும் 'நம்முடையதல்ல' என்று சொல்லிக்கொள்ளலாம்.

தோட்டாவில் ஈயம் வேண்டுமா என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கட்டும். ஈயம் மெதுவாகக் கொல்லும் விஷம். விரிந்து சிதறிய குண்டின் தூள் செத்த உடம்பில் தங்கும். அதைத் தின்கிற கழுகுக்கும் கீரிக்கும் போகும். ஏரிச் சேற்றில் விழுந்த ரவையைக் கல்மணி என்று நினைத்து வாத்து விழுங்கும். அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை 1991-இலேயே நாடு முழுவதும் விலக்கிவிட்டது. கலிபோர்னியா ராஜ்யம் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தை விலக்கியது. டென்மார்க் 1996-இல் ஈய ரவையையும், 2024-இல் ரைபிளின் ஈயக் குண்டையும் தடை செய்தது. அங்கெல்லாம் செம்பால் செய்த குண்டு வந்துவிட்டது. அதுவும் விரிகிறது, அதுவும் கொல்கிறது. வேட்டையே இல்லாத நம் தேசத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்பீர்கள். சர்க்காரே சுடப் போகிறது என்றால் இந்தப் பேச்சு இங்கேதான் தொடங்கவேண்டும். காவேரிப்பாக்கம் ஏரியில் வந்திறங்குகிற பறவைக்கு ஈயம் யார் உத்தரவின் பேரில் விழுந்தது என்பது முக்கியமல்ல.

கடைசியாக, என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பெட் சம்பாவத் புலியைக் கொன்ற நாளில் அவர் கையில் மூன்றே தோட்டாக்கள்தான் இருந்தன. மூன்றும் தீர்ந்த பிறகும் புலி நின்றுகொண்டிருந்தது. தாசில்தாரின் துப்பாக்கியைக் கடன் வாங்க ஓடினார். அது குழல் பழுதான துப்பாக்கி. புலியின் வாய்க்குக் குறிவைத்தார். குண்டு காலில் பட்டது. முன்பு பட்ட காயங்களாலேயே புலி இறந்தது. இவ்வளவையும் ஒளிக்காமல் அவரே எழுதிவைத்தார். தோட்டா போதவில்லை, குறி தவறிற்று என்று எழுதியதால் அவர் வீரம் ஒரு குன்றிமணியளவும் குறையவில்லை. நம் கதாநாயகர்களுக்குத்தான் அந்த உண்மை ஆகாது.

ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு வேட்டைக் கதையில் 'டுமீல்' என்று வந்தால், ஜமீன்தார் மகளிடம் போவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். என்ன தோட்டா, எத்தனை கஜம், எங்கே பட்டது, ஓடியதைத் தேடினானா என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் தெரியாத ஆசிரியர் புலியை விட்டுவிட்டுக் காதலை மட்டும் எழுதட்டும். பதில் தெரியாத அன்பர் ரைபிளைச் சுவரிலேயே விட்டுவிடட்டும். பதில் தெரியாத சர்க்கார், அது தெரிகிற வரைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடாமல் இருக்கட்டும்.